ஆண்டறிக்கை: கடற்கரைப் படங்கள் ஓடிய ஆண்டு

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நமது திரைப்படச் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் தடையின்றி நடந்தன. சந்தா வசூல் வழக்கம்போல் இழுபறிதான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டதும் திட்டப்பட்டதும் கோடையில் நாம் போட்ட அமெரிக்கக் கடற்கரைப் படங்களே.

கலைப்படமாகவே போட்டால் நாற்காலிகள்தான் படம் பார்க்கும் என்று இளைய உறுப்பினர்கள் முறையிட்டதால், 1963-இல் வந்த ‘பீச் பார்ட்டி’யை முதலில் எடுத்தோம். “இந்தக் கூத்துக்கு ஒரு சங்கம் வேறு வேண்டுமா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் செயற்குழுவில் கேட்டார். அன்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தவரும் அவரே.

வில்லியம் ஆஷர் இயக்கிய படம். தயாரித்தது, சிக்கனச் செலவில் பேய்ப் படங்கள் எடுத்துக் காசு பார்த்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ். காதலியோடு தனியாக இருக்கலாம் என்று ஃப்ராங்கி அவலான் கடற்கரை வீட்டுக்கு வருகிறார். காதலி அனெட் ஃபுனிசெல்லோ உஷாராக நண்பர் பட்டாளத்தையே அங்கே கூட்டி வைத்திருக்கிறார். பக்கத்தில் தாடி வைத்த மானிடவியல் பேராசிரியர் ஒருவர், தொலைநோக்கியால் இவர்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். கதை அவ்வளவுதான். அப்பா அம்மா, பள்ளிக்கூடம் எதுவும் கிடையாது. பதின்பருவப் படம் என்று பெயர். படம் எடுத்தபோது நாயகனுக்கு 22 வயது, நாயகிக்கு 20. நம் படங்களில் வரும் கல்லூரி மாணவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அது உறுத்தவே இல்லை.

படம் தொடங்கியதும் ஒரு சிக்கல். பனாவிஷன் அகலப் படத்தை அரங்கு ஊழியர் நம் சின்னத் திரை நிறையும்படி வைத்துவிட்டதால், ஓரத்தில் நிற்பவர்களுக்குப் பாதி முகம்தான் இருந்தது. புரொஜெக்டரைப் பின்னால் தள்ளி, பெஞ்சு மேல் ஏற்றிச் சரிசெய்தோம். அப்புறம்தான் அலைச்சறுக்குக் காட்சிகளின் அழகே தெரிந்தது. தூரக் காட்சிகளில் மிக்கி டோரா போன்ற நிஜச் சறுக்கு வீரர்கள் அலையில் பாய்கிறார்கள். கிட்டக் காட்சியிலோ பின்திரையில் கடல் ஓட, முன்னால் நாயகர் முடி கலையாமல் பலகையில் நிற்கிறார். இந்தப் பித்தலாட்டத்தை யாரும் மறைக்க மெனக்கெடவே இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

கைதட்டல் முழுவதும் ஹார்வி லெம்பெக் நடித்த மோட்டார் சைக்கிள் ரவுடி எரிக் வான் சிப்பருக்குத்தான். இமயமலை வித்தை என்று சொல்லிப் பேராசிரியர் ஒற்றை விரலைப் பொட்டில் வைத்ததும் ஆள் அப்படியே சிலையாகிவிடுகிறான். பின்வரிசையிலிருந்து “வர்மம்டா!” என்று ஒரு குரல் வந்தது. அடுத்த சில வசனங்கள் யாருக்கும் கேட்கவில்லை. படம் முழுக்கத் தூங்கி வழியும் ‘பிக் டாடி’ கடைசியில் தலை நிமிர்ந்தால் வின்சென்ட் பிரைஸ்! எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளை வைத்து அதே நிறுவனம் எடுத்த பேய்ப் படங்களின் நாயகர், அவற்றில் ஒன்றை நினைவூட்டி ஒரு வசனமும் பேசுகிறார். விளம்பரமும் ஆயிற்று, நகைச்சுவையும் ஆயிற்று.

அடுத்து 1965-இன் ‘பீச் பிளாங்கெட் பிங்கோ’. மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன், எழுபதை நெருங்கிய வயதில், தன் பழைய தட்டைத் தொப்பியோடு மணலில் ஓடுகிறார். இந்த மனிதருக்கு இந்த வேலைதானா என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு வருத்தம் இல்லை. கீழே விழுவதில்கூட அவரிடம் கணக்குப் பிசகவில்லை. ‘மசில் பீச் பார்ட்டி’யிலிருந்து 13 வயது ஸ்டீவி வொண்டர் பாடும் பகுதியை மட்டும் காட்டினோம். அந்த வரிசையின் மற்ற படங்கள் ஒரே மாவில் சுட்ட தோசை என்பது என் தனிக் கருத்து.

வரும் ஆண்டில் கீட்டனின் மௌனப் படங்களைப் போடச் செயற்குழு தீர்மானித்துள்ளது. அகலத் திரை வாங்கும் யோசனையும் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே பொருளாளரைப் பார்த்துவிட்டால் பேச்சை மேலே கொண்டுபோகலாம். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்