'பய' என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது: கேபிள் கார் நடத்தும் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாமையாளர் அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் பூங்காவின் கேபிள் கார் நடுவழியில் நின்றதும், அதில் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலைப் பிள்ளைகள் இருந்ததும், அன்று மாலையே நான் தங்கள் முறைப்பாட்டுப் புத்தகத்தில் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட்டதும் தாங்கள் அறிந்தவை. அதற்குத் தாங்கள் அனுப்பிய பதில் கடந்த வாரம் பாடசாலைக்குக் கிடைத்தது. நன்றி. அது முழுவதும் சிங்களத்தில் இருந்தமையால், பக்கத்து ஊரில் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரைத் தேடிச் சென்றே வாசித்தறிந்தோம். தொழினுட்பக் கோளாறு சீர்செய்யப்பட்டுவிட்டது, மீண்டும் வருக என்பது அதன் சாரம். கோளாறைப் பற்றி நான் முறையிடவேயில்லை. எங்களுடன் எவரும் தமிழில் பேசவில்லை என்றே முறையிட்டிருந்தேன். அதனால் இம்முறை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

கேபிள் கார் நிற்கக்கூடியது என்பது எனக்குத் தெரியும். நான் விஞ்ஞானம் கற்பிப்பவள். ஓயாமல் ஓடும் கம்பி வடத்தைக் கூண்டின் மேலுள்ள பிடி கவ்விக்கொள்வதையும், நிலையத்துக்குள் வந்ததும் அந்தப் பிடி விடுபட்டு, ஆட்கள் ஏறி இறங்கும் வேகத்தில் கூண்டு ஊர்வதையும், காற்று மிஞ்சினாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ ஏறுபவர் ஒருவர் தடுக்கி விழுந்தாலோ வடத்தையே நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்பதையும் வரிசையில் நின்றபோதே பிள்ளைகளுக்கு விளக்கியிருந்தேன். ஆகவே நிறுத்தியவரை நான் குறைசொல்லவில்லை.

எங்கள் கூண்டில் நானும், துணைக்கு வந்த என் அம்மாவும், தரம் 8 பிள்ளைகள் ஆறு பேரும் இருந்தோம். கீழே மரங்களின் உச்சி. நின்றவுடன் கூண்டு முன்னும் பின்னுமாக ஆடியது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்து, ஓர் ஆண்குரல் சிங்களத்தில் நீளமாகப் பேசியது. அடுத்து வந்த ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்கூட என் காதில் முழுதாக விழவில்லை. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. "என்னவாம் ரீச்சர்?" என்றாள் ஒருத்தி. எனக்குத் தெரியாது. வன்னியில் நான் படித்த காலத்தில் சிங்களம் கற்பிக்க எங்களுக்கு ஆளில்லை. நான் வாய் திறப்பதற்குள், மூலையிலிருந்த பையன், தனக்கு விளங்கிவிட்டது என்ற நம்பிக்கையோடு சொன்னான்: "பயமாம் ரீச்சர். பய எண்டு சொன்னவை."

அவன் சரியாகத்தான் கேட்டிருந்தான். அந்த அறிவித்தலில் 'பய' என்ற சொல் இருந்தது. அதே குரல் மறுபடி மறுபடி அதைச் சொன்னது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் மேலும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இறங்கச் சொல்கிறார்கள் என்று எண்ணிய இன்னொருவன் கதவின் இடுக்கில் விரல்களைக் கொடுத்து இழுக்கத் தொடங்கினான். கதவு உள்ளிருந்து திறக்காதபடி அமைக்கப்பட்டிருந்தது. அமைத்தவருக்குக் கோடி புண்ணியம். என் அம்மா 2009 இன் முதல் மாதங்களை வன்னியில் கழித்தவர். அவர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளையின் தலையைத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டு, அதன்மேல் குனிந்துகொண்டார். அதைப் பற்றி இதற்குமேல் எழுதப் போவதில்லை.

என் கைக்கடிகாரப்படி 17 நிமிடங்கள். நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது, கூண்டின் கதவருகே நின்ற தங்கள் இளம் ஊழியர் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஒலிபெருக்கியில் கேட்ட அதே சொற்களைச் சொன்னார்: "பய வென்ன எப்பா." எங்கள் பேருந்துச் சாரதிதான் அதை மொழிபெயர்த்தார். பயப்பட வேண்டாம் என்பதாம். 17 நிமிடங்களாக ஒரு நல்ல மனிதர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல், பாதி வழியில் தலைகீழாகி எங்களை வந்தடைந்திருக்கிறது. அந்த இளைஞர்மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. தயவுசெய்து அவரைத் தண்டித்துவிடாதீர்கள்.

நான் கேட்பது சிறியது. கேபிள் கார் நிற்கும்போது ஒலிக்க வேண்டிய அறிவித்தலைத் தமிழிலும் பதிவுசெய்து வையுங்கள். கூண்டினுள் ஒட்டியுள்ள பாதுகாப்பு அறிவுறுத்தலைத் தமிழிலும் எழுதுங்கள்.

வன்னியில் இது புதிய யோசனையன்று. எங்கள் காணிகளில் மிதிவெடி அகற்றிய காலத்தில், வேலியோரமெங்கும் சிவப்புப் பலகைகள் நின்றன. அவற்றில் மூன்று மொழிகளும் இருந்தன. எழுத்தறியாதவருக்காக ஒரு மண்டையோடும் இருந்தது. அந்தப் பாதையில் நடக்கப்போவது எவரென்று யோசித்துத்தான் அவற்றை நட்டிருக்கிறார்கள். இலவசமாக மிதிவெடிக் காணிக்குள் கால்வைக்க இருந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை, கட்டணம் செலுத்திக் கூண்டில் ஏறியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கட்டணம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கச்சான் விற்றும் கூலிவேலை செய்தும் பெற்றோர் சேர்த்துத் தந்த பணத்தைத் தங்கள் கருமபீடத்தில் எண்ணிக் கொடுத்தேன். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றிலும் தமிழ் இருந்தது. தங்கள் வாசலிலும் தமிழ் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது: 'நள்வரவு' என்று. 1987 இல் கொண்டுவந்த 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொன்ன நாளிலிருந்து, இந்த நாட்டின் பலகைகளில் தமிழ் படும் பாட்டைத் தனி நூலாக எழுதலாம். பேருந்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய இருக்கையின்மேல் 'தா' என்ற எழுத்து 'நா'வாக மாறி நின்ற கதையைச் சொல்லிச் சிரிக்காத தமிழர் இல்லை. அந்த இருக்கையில் உட்கார வேண்டியிருந்த பெண் சிரித்திருக்க மாட்டாள். பிழையான தமிழுக்கு நாங்கள் பழகிவிட்டோம். ஆபத்து வேளையில் தமிழே இல்லாமற்போவதற்குப் பழக முடியவில்லை.

மன்னிக்கவும், தங்கள் பூங்காவுக்கு எழுதத் தொடங்கி நாட்டின் பேருந்துகளுக்கெல்லாம் எழுதிவிட்டேன். கேட்க வந்தது ஓர் ஒலிப்பதிவும் ஓர் ஒட்டுத்தாளும் மட்டுமே.

அடுத்த தவணையில் எங்கள் தரம் 7 பிள்ளைகளும் கேபிள் கார் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வழக்கம்போல் இரவில் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருவோம். அதற்கு மேலான பொறுப்பு தங்களுடையது. அதற்குமுன் அந்த அறிவித்தலைத் தமிழிலும் பதிந்துவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். குரல் கொடுக்க ஆளில்லையென்றால், 'பயமாம்' என்று சொன்ன அதே பையன் எங்கள் பாடசாலைப் பேச்சுப்போட்டியில் முதலாமிடம் பெற்றவன். 'பயப்பட வேண்டாம்' என்பதை அவன் தெளிவாகச் சொல்வான். கூலி வேண்டாம். பதிலை மட்டும் இம்முறை தமிழில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
கிளிநொச்சி மாவட்டத்து ஆசிரியை ஒருவர்