பழைய ரிவால்வர்: எண்ணைச் சரிபார்த்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராணுவத்தில் சிறு ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தனியாகப் போய்வரும் என் மைத்துனர், முறையான உரிமத்தின் பேரில் பழைய வெப்லி .32 ரிவால்வர் ஒன்றைக் கடையில் வாங்கி, சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். உரிமத்தில் பதிவு செய்திருந்தார்கள், துப்பாக்கியின் தொடர் எண்ணும் பொருந்தியது, நிக்கல் பூச்சு கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் அரைமணி நேரம் பார்த்த பிறகு, இதில் ஒரு தோட்டாவைக்கூடப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனை கை மாறியும், அது பத்திரமாகச் சுடுமா என்று ஓரிடத்திலும் எவரும் பார்த்திருக்கவில்லை என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

நம் நாட்டில் இது ஒருவருக்கு மட்டும் நேரும் சங்கடம் அன்று. தனியார் பயன்பாட்டுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியிலேயே ஏறக்குறைய நின்றுபோனது. பர்மிங்காமில் இயங்கிய வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் 1979இல் துப்பாக்கி உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆக, இன்று விற்பனைக்கு வரும் பர்மிங்காம் வெப்லிகளில் மிக இளையதற்கே 45 வயதுக்கு மேல் ஆகிறது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பை 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம் இரண்டாகக் குறைத்ததால், பல வீடுகளில் பீரோவுக்குள் கிடந்த மூன்றாவது துப்பாக்கியும் வெளியே வந்தது. தாத்தா காலத்துத் தோல் உறைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவை இவற்றில் உண்டு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதோடு சேர்ந்து இரும்பைத் தின்னும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தேர்தல் காலத்தில் ஒப்படைத்த துப்பாக்கி மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடப்பதும் உண்டு.

என் மைத்துனரின் ரிவால்வரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா போடும் ஆறு அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்தேன். பிறகு குழலின் வாயை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பி, இடக்கைக் கட்டைவிரல் அந்த அறைகள் அமைந்த சுழல் உருளையான சிலிண்டரின் மேல் இலேசாக உரசும்படி வைத்துக்கொண்டு, தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். சுத்தியல் முழுதாகப் பின்சென்று நிற்பதற்குள் சிலிண்டர் சுழன்று ‘டிக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். நான்கு அறைகள் பூட்டிக்கொண்டன. மற்ற இரண்டும் மயிரிழை தூரம் பாக்கி இருக்கையிலேயே நின்றுவிட்டன, விரலால் தள்ளிய பிறகே பூட்டு விழுந்தது. சிலிண்டரைச் சுழற்றும் கொக்கி தேய்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அந்த மயிரிழைதான் ஆபத்து. அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாதபோது சுட்டால், குண்டு குழலின் பின்விளிம்பில் மோதி, சீவப்பட்ட ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். அது பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கோ கண்ணுக்கோ போகலாம், சுடுபவரின் கையையும் கிழிக்கலாம். தொடர்ந்து சுட்டால் குழலின் பின்வாயில் விரிசல் விடும். கடையில் விசையை நாலைந்து முறை வேகமாக அழுத்திக் காட்டும்போது இக்குறை தெரியவே தெரியாது, ஏனெனில் வேகத்தில் சிலிண்டர் தானாகவே மீதித் தூரத்தை ஓடிவிடும். மெதுவாக இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். வெற்று அறையோடு விசையை அழுத்திக்கொண்டே இருப்பதும் பழைய வெப்லிக்கு நல்லதல்ல, சுத்தியலின் மூக்கு உடையலாம்.

அடுத்து, சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் இடையிலுள்ள சந்து. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் டாப்பெட் வைக்க எடுக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜே இதை அளக்கப் போதும். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருந்தால் நலம், 0.25ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். இதில் 0.32 மில்லிமீட்டர் இருந்தது. மடக்கும் வகை ரிவால்வர் என்பதால் கீலையும் மேல்தாழ்ப்பாளையும் பார்த்தேன். குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பற்றிக் காதருகே வைத்து அசைத்தால் சத்தம் வரக்கூடாது. இதில் வந்தது.

குழலுக்குள் வெள்ளைத்தாளின் ஒளியை விட்டுப் பார்த்தபோது, வாயிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே மங்கலான கருவளையம் ஒன்று தெரிந்தது. வலுவற்ற பழைய தோட்டா ஒன்றின் குண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்க, அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் அவ்விடத்தில் உப்பி இப்படி வளையம் விழும். பளபளத்த நிக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை: எழுத்துகளும் சோதனை முத்திரைகளும் கூர்மையிழந்து மழுங்கியிருந்தால், துருக்குழிகளைத் தேய்த்து மறைத்துவிட்டுப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தொடர் எண்ணே மழுங்கியிருந்தால் வாங்கவே கூடாது, அடையாளக் குறிகளை அழிப்பதையும் மாற்றுவதையும் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடைசெய்கிறது.

தோட்டாவிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. குழலின் விட்டத்தைக் குறிக்க ‘பாயின்ட் தர்ட்டி டூ’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் கான்பூரில் செய்யும் .32 ரிவால்வருக்கு 7.65 x 23 மில்லிமீட்டர் (விட்டமும் கூட்டின் நீளமும்) தோட்டா, நம் நாட்டு .32 பிஸ்டலுக்கோ 7.65 x 17 மில்லிமீட்டர் தோட்டா. பிஸ்டல் தோட்டா சற்று வலுக்கட்டாயமாகப் பழைய ரிவால்வரின் அறைக்குள் நுழைந்தாலும் நுழையும். அதன் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அந்த உலோகம் வார்க்கப்படவில்லை. துப்பாக்கியின் மீது பொறித்திருப்பதையும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் அருகருகே வைத்து வாசிக்காமல் ஒன்றைக்கூட நிரப்பக் கூடாது.

உரிமம் கேட்போர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்கின்றன. கடைக்காரரன்றி உரிமதாரர் ஒருவரே மற்றவருக்கு விற்பதானால், மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆளைப் பற்றி இவ்வளவு விசாரிக்கும் நாம், கைமாறும் கருவியைப் பற்றி எதுவும் விசாரிப்பதில்லை. மாவட்டந்தோறும் காவல்துறையின் ஆயுதப்படையில் தேர்ந்த ஆர்மரர்கள் இருக்கிறார்கள். உரிமத்தில் பழைய துப்பாக்கியைப் பதியும் முன், அவர்களில் ஒருவர் பதினைந்து நிமிடம் பார்த்து, ‘சுடத் தக்கது’ என்றோ ‘பழுது நீக்கிய பின் கொண்டுவரவும்’ என்றோ கையொப்பமிடும் நடைமுறையை அரசு கொண்டுவர வேண்டும். அதற்குரிய கட்டணத்தை வாங்குபவர் தரட்டும். இலட்சக் கணக்கில் விலை கொடுப்பவருக்கு அது பாரமாகாது.

என் மைத்துனரின் ரிவால்வர் இப்போது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் இருக்கிறது. கொக்கியை மாற்றிவிடலாம், கீலையும் சரிசெய்யலாம், ஆனால் உப்பிய குழலுக்கு மாற்று கிடைப்பது கடினம் என்று அவர் சொல்லியிருக்கிறார். விற்ற கடைக்காரர், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று கேட்கிறார். என் மைத்துனர் பார்த்தது உண்மைதான். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இராணுவ ஆர்மரர்,
வேலூர் மாவட்டம்.