பழைய ஃபர்னஸின் அளவிலேயே புதியதும் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸை மாற்ற ஹீற்றிங் கொம்பனிக்காரர் தந்த விலைக் கொட்டேசனை நீ அனுப்பியிருந்தாய், வடிவாக வாசித்தேன். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே, ராசா. விலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். எனக்குப் பயம் வந்தது அதில் எழுதியிருக்கிற அளவைப் பார்த்துத்தான். பழையது மணித்தியாலத்துக்கு 100,000 பி.ரி.யு. (எரிக்கிற காஸின் சூட்டளவு), அதனால் புதியதும் அதே அளவு என்று போட்டிருக்கிறார். வந்தவர் யன்னல்களை அளந்தாரா? கூரைக்குக் கீழே இன்சுலேஷன் எவ்வளவு கிடக்கிறது என்று ஏறிப் பார்த்தாரா? பேஸ்மென்ற்றில் பழைய பெட்டியின் ஸ்ரிக்கரை மட்டும் பார்த்துவிட்டு எழுதின மாதிரித்தான் இருக்கிறது.

போன ஜனவரியில் மைனஸ் 25 இருந்த இரவிலும் ஃபர்னஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது, மணித்தியாலத்தில் பாதி நேரம்கூட ஓடவில்லை என்று நீதான் சொன்னாய். அப்படியென்றால் அதன் பாதிப் பலமே உன் வீட்டுக்குப் போதும். அந்தப் பழைய பெட்டியின் திறன் 80 வீதம், எரிக்கிற சூட்டில் மிச்சம் சிம்னியால் போய்விடும். வீட்டுக்குள் வருவது 80,000 பி.ரி.யு. அதில் பாதி 40,000. இப்போது வீடுகளுக்கு விற்கிற காஸ் ஃபர்னஸ் 95 வீதத்துக்குக் குறையாது. 60,000 அளவில் ஒன்றை எடுத்தாலே 57,000 கிடைக்கும். நீ இருக்கிற ஒட்டாவாவில் ஃபர்னஸ் அளவுக்குக் கணக்குப் போட எடுக்கிற குளிரும் மைனஸ் 25 தான்.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று அப்பா கேட்கிறார். பெரிய ஃபர்னஸ் தெர்மோஸ்ராற் இருக்கிற கீழ்த் தளத்தைச் சட்டென்று சூடாக்கிவிட்டு நின்றுவிடும். பிள்ளை படுக்கிற மேல் அறைக்குச் சூடு போய்ச் சேர நேரம் இருக்காது. சின்னது மெதுவாக நெடுநேரம் ஓடும், அந்த அறைக்கும் காற்றுப் போகும். அந்த அறைக்குச் சூட்டுக் காற்றைக் கொண்டுபோகிற டக்ற் குழாயின் பொருத்துகளில் காற்று ஒழுகுகிறதா என்றும் பார்க்கச் சொல்லு. சி.எஸ்.ஏ. எஃப்280 என்கிற கனடாத் தர முறையில் கணக்குச் செய்து தரச் சொல்லிக் கேள். ஒவ்வொரு அறையிலிருந்தும் எவ்வளவு சூடு வெளியே போகிறது என்று அதில் தெரியும். செய்ய மாட்டேன் என்கிறவரோடு மினக்கெடாதே.

ஏ.சி.யும் பழசாகிவிட்டது என்றாய். அந்த இடத்தில் குளிர்நாட்டுக்கென்று செய்த ஹீற் பம்ப்பை, அதாவது வெளிக்காற்றின் சூட்டைக் கரண்டால் உள்ளே இழுத்துத் தருகிற பெட்டியைப் போட்டு, சின்ன காஸ் ஃபர்னஸைத் துணைக்கு வைத்துக்கொள்வதுதான் உன் வீட்டுக்குச் சரி என்பது என் எண்ணம். ஒக்ரோபர், நவம்பர், ஏப்ரல் மாதக் குளிரில் ஹீற் பம்ப் ஒரு பங்கு கரண்டுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு சூடு தரும்; மைனஸ் 15 அளவில் அது இரண்டு பங்காகக் குறையும். கடும் குளிருக்கும், குளிர்காலக் கிழமை நாட்களில் கரண்ட் விலை ஏறுகிற காலை 7 முதல் 11 வரையும் பின்னேரம் 5 முதல் 7 வரையும் காஸ் ஓடட்டும். முழுதும் கரண்டுக்கு மாறினால், துணைக்கு வைக்கிற 10 கிலோவாற் ஹீற்றர் மட்டுமே 42 அம்பியர் இழுக்கும். உன்னிடம் இருப்பது 100 அம்பியர் பனல், அடுப்பும் ட்ரையரும் கரண்ட்தான், அதனால் பனல் போதாமல் போகலாம். ஹீற் பம்ப்பின் காற்று ஃபர்னஸ் காற்று மாதிரிச் சுடாது, இளஞ்சூடாகத்தான் வரும். பழுது என்று நினைத்து அதை நிற்பாட்டிவிடாதே.

இனி எழுதுவதை மட்டும் தட்டிக்கழிக்காதே. உன் பழைய ஃபர்னஸும் தண்ணீர் ஹீற்றரும் ஒரே சிம்னியால்தான் புகை விடுகின்றன. புதிய ஃபர்னஸ் பிளாஸ்ரிக் குழாயால் சுவர் வழியே வெளியே விடும். பிறகு அந்த அகலச் சிம்னியில் ஹீற்றரின் கொஞ்சப் புகை மட்டும் தனியே ஏற வேண்டும். சூடு போதாமல் அது இடையிலேயே குளிரும், ஈரம் படிந்து செங்கல்லைக் கெடுக்கும், காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு பேஸ்மென்ற்றுக்குள் திரும்பி வரவும் கூடும். சிம்னிக்குள்ளே லைனர் என்கிற ஒடுங்கிய உள்குழாய் இறக்க வேண்டும், இல்லையென்றால் ஹீற்றரையும் மாற்ற வேண்டும். இந்தக் கொட்டேசனில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு. படுக்கிற அறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலார்ம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பார்.

ஃபர்னஸை மாத வாடகைக்கு எடுக்கவே எடுக்காதே. கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சிலேயே தடுத்துவிட்டது. ஆனாலும் அதற்கு முன் கையெழுத்துப் போட்ட எங்கள் ஸ்காபரோச் சனம் சிலர், வீட்டை விற்கப் போன நேரத்தில்தான் அந்த வாடகைக்காகக் கொம்பனி வீட்டின்மேல் உரிமைப் பதிவு போட்டிருப்பதை அறிந்து துடித்தார்கள். 2024இல் அந்தப் பதிவு முறையையும் நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியம். கையில் காசு போதாவிட்டால் எங்களிடம் கேள். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார்.

வருகிறவர் ஒன்ராறியோவில் காஸ் வேலைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற ரி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிந்த ஒப்பந்தக்காரரா என்று பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பேரிடம் விலை கேள். ஹீற்றிங் கொம்பனியில் நான் போனுக்குப் பதில் சொல்கிற வேலை செய்த காலத்தில், ஜனவரியில் ஃபர்னஸ் நின்றுபோய்க் கூப்பிட்ட ஒருவருக்கும் விலையை ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்கவில்லை. நாளைக்கு வந்து போட்டால் போதும் என்றுதான் கேட்பார்கள். உனக்கு இன்னும் ஒக்ரோபர் முழுவதும் கிடக்கிறது. அளவுக் கணக்கு வந்தவுடன் படம் எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா