குடும்பிமலை ஏறு பாதையைப் பாதுகாப்பானதாக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், கோறளைப்பற்று தெற்கு, கிரான்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கிரான் பிரதேசத்தில் வசிக்கும் நாங்கள், தொப்பிகல என்றும் அழைக்கப்படும் குடும்பிமலையின் உச்சிக்குச் செல்லும் காட்டுப் பாதை தொடர்பாக இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றோம்.

ஏறத்தாழ 530 மீற்றர் உயரமான இம்மலை, மலைநாட்டுச் சிகரங்களுக்கு முன் சிறியதே. அதனாலேயே வெளியூரவர்கள் இதனை இலேசாக எண்ணி, போதிய தண்ணீரின்றி, செருப்புக் காலுடன், வெயில் ஏறிய பின்னர் புறப்படுகின்றனர். அடிவாரத்தில் பாலை, வீரை மரங்களின் நிழல் உள்ளவரை சிரமம் தெரிவதில்லை. ஆயினும் மாடுகளும் யானைகளும் நடந்து உண்டான தடங்கள் பாதையிலிருந்து ஆங்காங்கே பிரிவதால், அங்குதான் வழி தவறுகிறது. மேலே வெறும் பாறை தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அப்பாறை முற்பகலிலேயே கொதிக்கும். மாரியில் பாசி படிந்து வழுக்கும். ஏறுவதிலும் இறங்குவதே ஆபத்தானது: தளர்ந்த முழங்காலுடன் சருகு மூடிய சரளைக்கல்லில் கால் வைக்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை.

ஆகவே, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியுடன், பாதை பிரியும் இடங்களில் அம்புக்குறியிடவும், மிகச் செங்குத்தான பாறைப் பகுதியில் மட்டும் இரும்புக் கம்பங்கள் நாட்டி வடம் கட்டவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றோம். கொங்கிரீட் படிக்கட்டு அமைக்கும் எண்ணம் இருப்பின் அதனைக் கைவிடுமாறும் வேண்டுகின்றோம்; படி கட்டினால் கூட்டமும் குப்பையும் பெருகுமேயன்றி, மழைநீர் அரிப்பில் அப்படிகள் நிலைக்குமென்று நாங்கள் நம்பவில்லை.

அடிவாரத்தில் ஒரு பதிவேடு வைத்து, ஏறுவோரின் பெயர், தொலைபேசி இலக்கம், புறப்பட்ட நேரம் ஆகியவற்றைக் குறிப்பதும், மாலையில் யானைகள் நடமாடுவதால் நண்பகலுக்குப் பின் எவரையும் ஏறவிடாதிருப்பதும் அதிக செலவில்லாத ஏற்பாடுகளாகும். கிரான்–புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அவசர அம்பியூலன்ஸ் வண்டி கூட இப்பக்கம் வந்துசேர முடியாதாகையால், அக்காலத்தில் பாதையை முற்றாக மூடுவதே முறையாகும்.

இக்காட்டை நன்கறிந்தவர்கள் இங்கு மாடு மேய்ப்பவர்களே. எந்தப் பாறை விளிம்பில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது, கோடையில் எந்தக் குழியில் நீர் எஞ்சியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுள் விருப்பமுடையோருக்கு முதலுதவிப் பயிற்சியளித்து, ஊதியம் பெறும் வழிகாட்டிகளாக அமர்த்துமாறு வேண்டுகின்றோம்.

அடுத்த மாரிக்கு முன்னர் தங்கள் அலுவலர்கள் நேரில் வந்து பார்வையிடுவார்களாயின், உடன் வந்து இடங்களைக் காட்ட நாங்கள் ஆயத்தமாக உள்ளோம். காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்குவது நல்லது.

இங்ஙனம்,
கிரான் பிரதேச மக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: மாவட்ட வன அதிகாரி, மட்டக்களப்பு.