மேடம், மிஸ், அக்கா: அஞ்செட்டி பக்கத்து ஸ்கூலுக்கு ஒரு நன்றி

அஞ்செட்டி பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கள ஆய்வு பண்ணி எழுதுன தீசிஸ் ஒருவழியா சப்மிட் பண்ணியாச்சு. முன்னாடி ஒரு நன்றிப் பக்கம் இருக்கு, அதுல கைடு, யுனிவர்சிட்டி எல்லாம் வந்தாச்சு, ஆனா உண்மையா சொல்ல வேண்டியவங்க கைக்கு அது போகாது, அதான் இங்க எழுதறேன். ஸ்கூல் பேரு, ஊர் பேரு போடல, தீசிஸ்லயும் மாத்திதான் வச்சிருக்கேன்.

மொதல்ல எச்.எம். சாருக்கு. நான் ஃபைலோட வந்து நின்னதும் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் ஆளுன்னு நெனச்சு ரெஜிஸ்டர் எல்லாத்தையும் டேபிள்ல அடுக்குனீங்களே சார்! அப்புறம் ஒருநாள் மீட்டிங்குக்கு ஓடறப்ப "மேடம், நாலாவது அஞ்சாவத கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு சாக்பீஸ கையில குடுத்துட்டு போனீங்க, அதோட என் ஆய்வோட போக்கே மாறிப்போச்சு. ரேமண்ட் கோல்ட்னு ஒருத்தரு 1958லயே கள ஆய்வாளர நாலு வகையா பிரிச்சாரு, சும்மா பாக்கறவங்கள்ல ஆரம்பிச்சு முழுசா கலந்துடறவங்க வரைக்கும். படிக்கறப்ப நாமளே ஒண்ண எடுத்துக்கலாம்னு தோணும். ரெண்டே டீச்சர் இருக்கற ஸ்கூல்ல மூலையில உக்காந்து நோட்ஸ் மட்டும் எடுப்பேன்னு யாராவது சொல்ல முடியுமா?

சின்ன கிளாஸ் டீச்சருக்கு அடுத்தது. சின்ன கிளாஸுக்கான அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல, புள்ளைங்க கத்துக்கிட்ட அளவ வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு ஒரே ரூம்ல மூணு நிலை, பாதி புள்ளைங்க வீட்ல தெலுங்கு இல்லன்னா கன்னடம். முழிக்கற புள்ளைக்கு நடுவுல ஒரு தெலுங்கு வார்த்தைய போட்டு நீங்க இழுத்துட்டு வர்றத பக்கத்துல ஒர்க்புக் திருத்திட்டேதான் கவனிச்சேன்.

ஆனா "மிஸ்" ஆனதுல ஒரு நஷ்டமும் இருந்துச்சு. ஏன் லீவுன்னு என்கிட்ட கதகதயா சொல்லிட்டிருந்த பசங்க "காய்ச்சல் மிஸ்"னு முடிச்சுக்க ஆரம்பிச்சாங்க. அங்க காப்பாத்துனது காலை உணவு சமைக்கற அக்கா. (2023 ஆகஸ்ட்ல அரசு தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் வந்த திட்டம்.) கிச்சடி கரண்டிய என்கிட்ட நீட்டுனீங்க. தட்டோட நிக்கறப்ப, அம்மா அப்பா பெங்களூருக்கு பில்டிங் வேலைக்கு போயிட்டாங்க, பாட்டிக்கு முடியல, மாட்ட நான்தான் ஓட்டணும்னு எல்லாம் தானா வந்துச்சு. அதுலயும் ஒரு வீட்டு விஷயத்துக்கு மட்டும் "அது புக்குல வேணாம் கண்ணு"ன்னீங்க. வேணாம்னா வேணாம்தான்க்கா, எடுத்துட்டேன்.

எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவி அக்கா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் எழுத வீட்டுக்கு வீடு கூட்டிட்டு போனதுக்கு உங்களுக்கும். வைவா (தீசிஸுக்கான வாய்மொழித் தேர்வு) இன்னும் இருக்கு, அதுக்கு முன்னாடி அடுத்த எஸ்.எம்.சி. கூட்டத்துக்கு தமிழ்ல சுருக்கி எடுத்துட்டு வர்றேன், தப்பா எழுதியிருந்தா அங்கயே சொல்லிடுங்க.