பழைய பெட்டரிய யார்கிட்ட குடுக்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் நோர்வூட் பக்கம் த்ரீவீல் ஓட்டுறேன். போன மாசம் பெட்டரி செத்துப்போச்சு, புதுசு வாங்கப்போன கடையில பழசு எங்களுக்கு வேணாம்னுட்டாங்க, அன்னையிலருந்து அது இஸ்தோப்புலதான் கிடக்கு. பழைய சாமான் எடுக்குறவரு காசு தாரேன்னாரு, குடுக்க மனசு வரல. ஏன்னா எங்க தோட்டத்து வீட்டு லயத்துக்குப் பின்னால ஒருத்தர் இப்படி வாங்கின பெட்டரிய ஒடச்சு அசிட்ட வடிகான்ல ஊத்திட்டு, ஈயத்த தகரத்துல போட்டு உருக்கி மீன் வலைக்கு குண்டு செஞ்சத நானே பாத்தேன், பக்கத்துலயே புள்ளைங்க வெளையாடுதுங்க, கீழ கோவாப் பாத்தி. அவரையும் குத்தம் சொல்ல முடியல, தோட்டத்துச் சம்பளம் பத்தாமதான் செஞ்சாரு.

இந்த பெட்டரியோட நிறையில பாதிக்கு மேல ஈயந்தான். அந்தப் பொகையும் தூசியும் சின்னப் புள்ளைங்க மூளையக் கெடுத்துரும், இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. எங்க கான் தண்ணி கெசல்கமுவ ஓயாவுக்குப் போகுது, அது மஸ்கெலி ஓயாவோட சேந்துதான் களனி கங்கை, அம்பத்தலையில அந்தத் தண்ணியத்தான் சுத்திகரிச்சு கொழும்புக்குக் குடுக்குறாங்க. தோட்டத்து ஆளுங்க பிரச்சினைதானேன்னு யாரும் விட்டுறவேணாம்.

இந்தியாவுல 2022ல வந்த விதிப்படி பெட்டரி செய்றவங்க மட்டுமில்ல, இறக்குமதி பண்றவங்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதியணும், வித்த கணக்குக்கு ஏத்தமாதிரி பழசை சேத்து மறுசுழற்சிக்கு குடுக்கணும். ஐரோப்பிய ஒன்றியத்துலயும் 2025 ஆகஸ்ட் 18லருந்து விக்கிற ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியா பதியணும்.

நம்மகிட்ட 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கு, மத்திய சுற்றாடல் அதிகாரசபை இருக்கு. நான் கேக்குறது, இங்கயும் அதேமாதிரி பதிவு வச்சு, கொண்டுவந்து விக்கிற கம்பனியோட பதிவு இலக்கம் பெட்டரி மேலயே இருக்கணும், பதிஞ்சவங்க பேரெல்லாம் தமிழ்லயும் கடையில ஒட்டியிருக்கணும். முக்கியமா பழசைக் கொண்டுபோனா சாமான்காரர் குடுக்குற அளவுக்காவது புதுசுல காசு கழிக்கணும், இல்லாட்டி பதிவு ஃபைல்ல இருக்கும், பெட்டரி லயத்துலதான் உருகும்.

என்னோடதுல மழை படாம பொலித்தீன் சுத்தி வச்சிருக்கேன், ஹட்டன் பக்கத்துல எங்க கொண்டுபோய் குடுக்கலாம்னு அதிகாரிங்க யாராவது உங்க பத்திரிகையிலயே பதில் எழுதினா எங்க ஸ்டாண்டுல உள்ள எல்லாருக்கும் சொல்லிருவேன்.

இப்படிக்கு,
த்ரீவீல் சாரதி ஒருவர், நோர்வூட்