வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போவது மஞ்சள் மதில், வெள்ளைக் கரை, காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுப் பெயர் எழுதிய நீலப் பலகை. இதற்குச் சுற்றுலாத் துறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரைக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் வீட்டைப் ‘பாரம்பரியம்’ என்கிறோம். மேற்கே நாம் குடியிருக்கும் வீட்டைப் ‘பழசு’ என்கிறோம். பழசு என்று சொல்லியாகிவிட்டால் அடுத்து வருவது கடப்பாரைதான்.

வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரித்தது காலனி ஆட்சி. ஆட்சி போய்விட்டது. 2006-ல் ஊரின் பெயரும் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரியாக மாறிவிட்டது. ‘ஒயிட் டவுன்’ மட்டும் ஆட்டோ சவாரியிலும் விடுதி விளம்பரத்திலும் அப்படியே இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு கட்டியதுதான் கிழக்குப் பகுதியில் இன்று நாம் பார்க்கும் பெரும்பகுதி. பிரெஞ்சு ஆளுநரின் மொழிபெயர்ப்பாளராக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1738-ல் கட்டிய மாளிகையோ வாய்க்காலுக்கு மேற்கே, அவர் பெயர் கொண்ட வீதியிலேயே நிற்கிறது. கீழ்த்தளம் மரத்தூண் வைத்த தமிழ் வீடு, மேல்தளம் காரைத்தூண் வைத்த ஐரோப்பிய வீடு. இந்தக் கலப்பு வேறெந்த ஊருக்கு வாய்த்தது?

பிரெஞ்சு வீடு தெருவுக்கு மதிலைக் காட்டும். தமிழ் வீடு தெருவுக்குத் தாழ்வாரத்தையும் திண்ணையையும் கொடுக்கும். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல். அதற்குள்ளே, இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, சிவப்புக் காவி போட்டு இழைத்த திண்ணை. ஓரத்தில் தலை வைத்துப் படுக்க ஒரு சாய்மேடு. காளத்தீஸ்வரன் கோவில் வீதி, ஈஸ்வரன் கோவில் வீதி, முல்லா வீதி, காஜியார் வீதி என்று எங்கே நடந்தாலும் இப்போது திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் இருக்கிறது.

பழைய வீடு பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் நாங்கள் பார்த்தவரை, இந்த வீடுகள் பெரும்பாலும் வயதானதால் விழுவதில்லை. தவறான மராமத்தால் விழுகின்றன. கடற்கரை ஊர்; நிலத்தின் ஈரம் உப்போடு சேர்ந்து சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, இரண்டு மூன்று மழைக்குள் பூச்சு உப்பி விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் பொடியாக்கிக்கொண்டு விழும். உடனே ‘சுவர் செத்துவிட்டது, இடித்துவிடலாம்’ என்பார்கள். ஈரக்கறைக்கு மேல் இரண்டடி வரை சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பைத் துலக்கி, சில வாரம் காய விடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைப் பதினைந்து நாளாவது தண்ணீரில் ஊறவைத்துச் சலித்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, இரண்டு கையாக, அதாவது இரண்டு அடுக்காகப் பூசி, பத்து நாள் நனைத்தால் போதும். மேலே பெயின்ட் வேண்டாம்; சுண்ணாம்பு மூன்று கை அடியுங்கள்.

தளத்திலும் இதே கதை. மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ‘மெட்ராஸ் டெரஸ்’ மேல்தளம் ஒழுகினால் மேலே சிமென்ட் கான்கிரீட் கொட்டுகிறார்கள். நூறு சதுர அடிக்கு ஒரு அங்குலம் கொட்டினாலே அரை டன்னுக்கு மேல் பாரம். கீழே உத்திரத்தின் நுனி சுவருக்குள் ஈரம் குடித்து மக்கிக்கொண்டிருக்கும்; பாரம் ஏறியதும் உட்காரும். மேலே பதித்த பழைய தட்டோட்டைப் பெயர்த்து, செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்குக்குச் சுண்ணாம்புக் காரை ஒரு பங்கு என மூன்று அங்குலம் பரப்பி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, கட்டை எகிறும்வரை அடித்து, வாட்டம் கொடுத்து ஓடு பதிக்க வேண்டும். மக்கிய நுனியை மட்டும் அறுத்து, புது மரம் இணைத்து, இரும்புத் தகடு போட்டு முடுக்கலாம். முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

உரிமையாளர் கையில் இல்லாத காரணம் ஒன்றும் உண்டு, அது சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் ஒவ்வொரு முறையும் தெரு இரண்டு மூன்று அங்குலம் உயர்கிறது. நான்கைந்து முறை போட்டால் ஒரு முழு படி போய்விடும். மழைத் தண்ணீர் தாழ்வாரத்துக்குள் வரும், தூணின் அடி மக்கும், திண்ணை பள்ளத்தில் கிடப்பதுபோல் தெரியும். அப்புறம் யார்தான் வைத்திருப்பார்கள்?

முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா அர்ப்ஸ்’ என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் வைசியாள் வீதியின் ஒரு பகுதியில் வீட்டு முகப்புகளும் தாழ்வாரங்களும் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன; 2008-ல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அந்த வீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு இது எந்த ஊர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. ஆனால் அடுத்த வீதிகளில் இப்போது தமிழ் வீட்டை இடித்துவிட்டு, மஞ்சள் அடித்து, பிரெஞ்சுப் பெயர் வைத்துக் கட்டுகிறார்கள். நம் வீட்டுக்கே நாம் விருந்தாளி வேடம் போடுவது மனதை வருத்துகிறது.

2014 நவம்பர் மழையில் கடற்கரையின் மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கால நகர மன்றம்) இடிந்தபோது ஊரே கலங்கியது. அரசு அதை மீண்டும் எழுப்பி 2021-ல் திறந்தது. அதே அக்கறையில் கொஞ்சம் மேற்கே வரட்டும். பழைய ஊரைச் சுற்றி ஓடும் பூல்வார்டு சாலைக்குள் எந்த வீதிக்கும் தார் போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். முகப்பையும் தாழ்வாரத்தையும் காப்பவருக்குப் பின்பக்கம் கூடுதல் கட்ட அனுமதியும் வீட்டுவரிச் சலுகையும் தரலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்களிடம் இளையவர்களைக் கூலியோடு பயிற்சிக்கு அனுப்பலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாலைப் பணி தொடங்கும். சுரண்டும் வேலையை இந்த ஆண்டே காளத்தீஸ்வரன் கோவில் வீதியில் ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய வீடு மராமத்துப் பணியாளர்கள் சிலர்,
புதுச்சேரி.